கோடைக் காற்றும் காட்டுப் புகையும்



திருவனந்தபுரத்தில் கிழக்குக் கோட்டையை அடுத்துள்ள பழவங்காடி, தமிழருக்கு அந்நியமான இடமன்று. பெயரிலேயே நம்முடைய அங்காடி இருக்கிறது. பிள்ளையார் சந்நிதியில் நேர்ந்துகொண்டவர்கள் தேங்காய் உடைக்கும் ஓசை ஓயாது கேட்கும். சற்றுத் தொலைவில் சாலைக் கடைத்தெரு. அங்கே தலைமுறை தலைமுறையாக வாணிகம் செய்துவரும் தமிழ்க் குடும்பங்கள் பல.

மாசி மாதத்தில், மலையாளக் கணக்கின்படி கும்ப மாதத்தில், ஒருநாள் இந்தத் தெருக்களை அடையாளம் காண்பதே அரிதாகிவிடும். ஆற்றுக்கால் பகவதிக்குப் பெண்கள் பொங்கலிடும் நாள் அது. அத்தேவியைக் கண்ணகியாகவே போற்றும் மரபும் உண்டு. பழவங்காடி, சாலை, தம்பானூர் என்று எத்திசையில் நோக்கினும் மூன்று செங்கற்களைக் கூட்டிய அடுப்புகளே வரிசை வரிசையாகத் தெரியும். 2009ஆம் ஆண்டில் ஒரே நாளில் இருபத்தைந்து லட்சம் பெண்கள் கூடினர் என்று கின்னஸ் ஏட்டில் பதிவாயிற்று. இத்தனை அடுப்புகளும் முற்பகலில் ஏறக்குறைய ஒரே வேளையில் பற்றவைக்கப்படுகின்றன. தென்னம்பாளையும் மட்டையும் எரியும் புகையில் எதிரே நிற்பவர் முகம் தெரியாது. கண்ணில் நீர் வழியாதவர் எவருமிலர். ஆயினும், பிற்பகலில் நிவேதனம் முடிந்து பெண்கள் பானையைத் தலையிலேற்றி வீடு திரும்பும் நேரத்தில் புகையின் பெரும்பகுதி போய்விடுகிறது. மாலையில் கடற்காற்று வீசும்போது, இந்நகரிலா அத்தனை அடுப்புகள் எரிந்தன என்று கேட்கத் தோன்றும்.

இதற்கு நேர்மாறான காட்சியைக் கொச்சி நகரம் 2023ஆம் ஆண்டில் கண்டது. மார்ச் 2ஆம் தேதி, நகரின் கிழக்கே பிரம்மபுரத்திலுள்ள மாநகராட்சிக் குப்பைக் கிடங்கில் தீப்பிடித்தது. மலைபோல் குவிந்திருந்த பிளாஸ்டிக்கும் கழிவும் உள்ளுக்குள்ளேயே கனன்றன. தீயணைப்புப் படையினர் இரவு பகலாக நீர் இறைத்தனர். கடற்படையும் விமானப்படையும் துணைக்கு வந்தன. தீயும் புகையும் அடங்கின என்று அறிவிக்கப் பன்னிரண்டு நாட்கள் ஆயின. அந்நாட்களில் பள்ளிகள் மூடப்பட்டன. முகக்கவசமின்றி வெளியே வரவேண்டாம் என்று மக்கள் எச்சரிக்கப்பட்டனர். உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

ஒரு நகரில் லட்சக்கணக்கான அடுப்புகளின் புகை அரை நாளில் அகன்றது. மற்றொரு நகரில் ஒரே கிடங்கின் புகை பன்னிரண்டு நாட்கள் ஊரை விட்டு அகலவில்லை. எரிந்த பொருள் வேறு, எரிந்த காலம் வேறு என்பது உண்மையே. அதனினும் முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அது தீயில் இல்லை. தீக்கு மேலே நிற்கும் காற்றில் இருக்கிறது. கோடை வானிலையைப் பற்றி இன்று நான் சொல்ல விரும்புவதன் சாரமும் இதுவே: எவ்வளவு வெயில் என்று மட்டும் கேட்பவருக்குக் கோடையின் ஒரு பாதியே தெரியும், காற்று எவ்வாறு நிற்கிறது என்பதையும் கேட்டால்தான் மறுபாதி புலப்படும்.

பகலில் வெயில் நிலத்தைக் காய்ச்சுகிறது. நிலத்தையொட்டிய காற்று சூடேறி மேலெழுகிறது. மேலேயுள்ள குளிர்ந்த காற்று கீழிறங்குகிறது. உலைநீர் கொதித்துப் புரள்வதைப்போல் ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரம் வரை காற்று புரண்டு கலக்கிறது. அவ்வேளையில் எழும் புகைக்கு இடம் ஏராளம். அது கரைந்து மெலிந்துவிடும். இரவில் நிலைமை தலைகீழாகிறது. நிலம் விரைவில் குளிர்கிறது. அதைத் தொட்டுநிற்கும் காற்றும் குளிர்ந்து கனத்துத் தரையில் படிகிறது. அதற்குமேல் வெப்பமான காற்று ஒரு மூடியைப்போல் அமர்ந்துவிடுகிறது. மூடியிட்ட பானைக்குள் புகை எங்கே போகும்? சில நூறு அடி உயரத்துக்குள்ளேயே அடைபட்டு, கரைக்காற்று தள்ளும் பக்கமெல்லாம் தவழும். கரையோர நகரங்களில் இரவுக் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவது வழக்கம். பிரம்மபுரம் நகருக்குக் கிழக்கே இருந்தமையால், அதிகாலைதோறும் கொச்சி மக்கள் கண்விழித்தது புகையின் நடுவே. சூரியன் ஏறி மூடி கலைந்த பின்னரே சற்று மூச்சுவிட முடிந்தது.

இந்த மூடியைக் கண்ணால் காண இயலாது. கீழே ஓர் உஷ்ணமானியும் மேலே ஓர் உஷ்ணமானியும் இருந்தால் அறியலாம். கீழும் மேலும் ஒரே காலத்தில் அளக்கும் இவ்வழக்கத்திற்குத் திருவனந்தபுரத்தில் நெடிய வரலாறு உண்டு. சுவாதித் திருநாள் மகாராஜா 1837இல் இந்நகரின் குன்றொன்றில் வானாராய்ச்சி நிலையம் அமைத்தார். ஜான் கால்டிகாட் அதன் முதல் தலைவர். பின்னர் 1852இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரௌன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் நகரில் அளப்பது போதாதென்று, 1855இல் அகத்தியர் மலை உச்சியிலும் ஒரு நிலையத்தைக் கட்டினார். கடல் மட்டத்துக்கு 1,868 மீட்டர் உயரத்திலுள்ள அச்சிகரத்துக்குக் கருவிகளைச் சுமந்துசெல்லக் காட்டினூடே வழி வெட்டவேண்டியிருந்தது. யானைகளும் பெருங்காற்றும் அட்டைகளும் இடையூறு செய்தன. காந்த ஊசியின் அசைவை ஆராய்வதே அவருடைய முதல் நோக்கம் எனினும், மலையிலும் மண்ணிலும் ஒரே வேளையில் காற்றை அளக்கவேண்டும் என்ற எண்ணம் அக்காலத்துக்குப் புதுமையானதுதான். இப்போது அந்த வேலையைப் பலூன் செய்கிறது. திருவனந்தபுரம் உள்ளிட்ட பல நிலையங்களிலிருந்து மேலே விடப்படும் பலூன், செல்லும் வழியெல்லாம் வெப்பத்தையும் ஈரத்தையும் அளந்து வானொலி அலைகளால் செய்தி அனுப்புகிறது. எந்த உயரத்தில் மூடி இருக்கிறது என்பது அதனால் தெரிந்துவிடும்.

இனி, காட்டுத் தீக்கு வருவோம்.

ஊர்விட்டு ஊர் வந்த தமிழர் எல்லோரிடமும் பொதுவாக ஒரு வழக்கம் காண்கிறேன். வாழ்வது எந்த மாநிலமாயினும், கோடையை மட்டும் பிறந்த ஊர்ப் பஞ்சாங்கத்தைக்கொண்டே அளப்பர். சித்திரை பிற்பகுதியில் அக்கினி நட்சத்திரம் தொடங்கும். மே முதல் வாரத்திலிருந்து ஏறக்குறைய நான்கு வாரம் கத்திரி வெயில். அதுவரை கவலையில்லை என்பது கணக்கு. சென்னைக்கும் வேலூருக்கும் அது பொருந்தலாம். கேரளத்துக்குப் பொருந்தாது. இங்கே வெயில் உச்சமடைவது மாசிக் கடைசியிலிருந்து சித்திரை வரையில். கத்திரி தொடங்கும் நாளில் இங்கே பிற்பகல் இடிமழை வழக்கமாகிவிட்டிருக்கும்; அது முடியும் வேளையில் தென்மேற்குப் பருவக்காற்று வாயிலில் நிற்கும். கேரளத்துக் கோடை மழையின் சராசரி மார்ச் முதல் மே வரை சுமார் 360 மில்லிமீட்டர். அதில் மார்ச் மாதத்தில் கிடைப்பது பத்தில் ஒரு பங்களவே. ஆகையால், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு கோடை மழை பிடிக்கும் வரையிலுள்ள இரண்டு இரண்டரை மாதங்களே காட்டுக்கு ஆபத்தான காலம்.

அந்த மாதங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையின் தாழ்ந்த சரிவுகளில் தேக்கும் பிற மரங்களும் இலையுதிர்த்து நிற்கும். கணுக்காலளவு சருகு காலடியில் நொறுங்கும். மேல்மலைகளில் ஆளுயரப் புல் வைக்கோல்போல் காய்ந்திருக்கும். கிழக்கிலிருந்து கணவாய்கள் வழியே வரும் காற்று வறண்டது. அது சரிவில் இறங்கும்போது மேலும் சூடாகி, மிஞ்சிய ஈரத்தையும் உறிஞ்சிவிடும். ஆரியங்காவுக் கணவாயின் மேற்கேயுள்ள புனலூரும், சுமார் முப்பது கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாயிலமைந்த பாலக்காடும் கேரளத்தின் வெப்பம் மிகுந்த ஊர்களாக இருப்பதற்கு இந்தக் காற்றும் ஒரு காரணம். பாலக்காடு மாவட்டத்து மலம்புழையில் 2016 ஏப்ரலில் 41.9 டிகிரி பதிவாயிற்று. மலை மறைவிலுள்ள ஊர்களின் வெயிலோடு போட்டியிடக்கூடிய அளவு அது.

ஆயினும், சருகும் புல்லும் தாமே பற்றிக்கொள்வதில்லை. மூங்கில்கள் உராய்ந்து தீ பிறக்கும் என்று நாம் சிறுவயதில் கேட்டிருக்கிறோம். நம் நாட்டுக் காட்டுத் தீயில் ஏறக்குறைய அனைத்தும் மனிதர் வைத்தவையே என்று வனத்துறையினர் ஒரே குரலாகக் கூறுவர். புதிய புல் துளிர்க்கட்டும் என்று மேய்ப்போர் வைப்பது, தேனெடுக்கப் போனவர் தீப்பந்தத்தை அணைக்காமல் விடுவது, வழிப்போக்கர் எறியும் பீடி, எல்லைத் தகராறு, சில சமயம் வெறும் விளையாட்டு என்று பல வகை. தீயைக் கொண்டே தீயைத் தடுக்கும் வழியும் இருக்கிறது. தை மாதத்திலேயே, பனி ஈரம் இருக்கும்போது, வனக் காவலர் நீண்ட பட்டைகளாகக் காட்டைச் செதுக்கி எரித்துத் தீத்தடுப்புக் கோடுகள் அமைக்கின்றனர். அந்தக் கோடுகள் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டால் பயனுண்டு. பணமும் ஆளும் வந்துசேர மார்ச் ஆகிவிட்டால் என்ன பயன்? காட்டைக் காக்கும் செலவில் காலம்தான் முதல் செலவு என்பது என் கருத்து.

2018 மார்ச் 11ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூருக்கு மேலுள்ள குரங்கணி மலையில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் தீயில் அகப்பட்டனர். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் வந்த இளைஞர்கள் அவர்கள், பெண்கள் பலர். உயரமான காய்ந்த புல், செங்குத்தான சரிவு, பிற்பகல் காற்று. சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதக் கால்கள் ஈடுகொடா. புகையில் திசை தெரியவில்லை. அன்றும், பின்னர் மருத்துவமனைகளிலுமாக 23 பேர் உயிரிழந்தனர். ஞாயிறு காலையில் அவர்கள் கண்ட வானம் தெளிந்த வானமாகவே இருந்திருக்கும். மழையைக் கண்டால் அஞ்சிப் பயணத்தை ஒத்திவைக்கிறோம். தெளிந்த வானத்தைக் கண்டு ஒத்திவைக்க நமக்கு இன்னும் பழகவில்லை. அதன் பிறகு தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கு விதிகளை வகுத்தது. இப்போது பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை காட்டுப் பாதைகள் மூடப்படுகின்றன. கேரளத்திலும் அகத்தியர்கூடப் பயணம் கோடை முற்றுமுன், தை மாசியிலேயே நடந்து முடிந்துவிடுகிறது.

காவலரும் தப்புவதில்லை. திருச்சூர் மாவட்டத்துக் கொற்றம்பத்தூரில் 2020 பிப்ரவரியில் தீயை அணைக்கச் சென்ற வனக் காவலர் மூவர் அதிலேயே மாண்டனர். அதற்கு முந்திய ஆண்டு, இதே பிப்ரவரியில், கர்நாடகத்துப் பந்திப்பூரில் பல ஆயிரம் ஏக்கர் காடு கரியாயிற்று. இந்தத் தேதிகளை மறுபடி நோக்குங்கள்: பிப்ரவரி, பிப்ரவரி, மார்ச். கத்திரி தொடங்க இரண்டு மாதம் இருக்கும்போதே எல்லாம் நடந்து முடிந்திருக்கின்றன.

இத்தீக்களின் புகை மலையோடு நிற்பதில்லை. காற்றில் மிதக்கும் நுண்துகள்களுக்கு மாநில எல்லையும் கடலும் தடையல்ல. 1999இல் பல நாட்டு ஆராய்ச்சியாளர் கப்பல்களிலும் விமானங்களிலும் சென்று இந்தியப் பெருங்கடலுக்கு மேலுள்ள காற்றை ஆராய்ந்தனர். தமிழரான வீரபத்திரன் ராமநாதனும், நோபல் பரிசு பெற்ற பால் குருட்சனும் அதற்குத் தலைமை தாங்கினர். சனவரி முதல் மார்ச் வரை, நம் துணைக்கண்டத்திலிருந்து வடகிழக்குக் காற்றோடு செல்லும் பழுப்புப் புகைமூட்டம் அரபிக் கடலுக்கும் மாலத்தீவுக்கும் மேல் பெரும் பரப்பில் விரிந்து நிற்பதை அவர்கள் கண்டனர். விறகு, நிலக்கரி, வண்டிப்புகை, வயலில் எரிக்கும் தாள், காட்டுத் தீ எல்லாம் கலந்த மூட்டம் அது. மாசி மாதத்துத் திருவனந்தபுரத்தில், மழை கழுவிய நாட்களில் நன்றாகத் தெரியும் அகத்தியர் மலைத்தொடர் வெறும் சாம்பல் நிழலாக மங்கிநிற்பதற்கு உள்ளூர் அடுப்பைமட்டும் குறைகூறிப் பயனில்லை.

கடல் கடந்த தமிழருக்கு இது புதிதன்று. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 'புகைமூட்டம்' என்ற சொல்லைக் குழந்தைகளும் அறியும். இந்தோனேசியத் தீவுகளில் சதுப்பு நிலத்துக் கரிமண் பற்றிக்கொண்டால் மாதக்கணக்கில் நிலத்தடியிலேயே எரியும். எல் நினோ என்னும் பசிபிக் கடல் வெப்பம் மழையைக் குறைத்த 1997, 2015ஆம் ஆண்டுகளில் அப்புகை மிகக் கடுமையாயிற்று. 2015 செப்டம்பரில் ஒருநாள் சிங்கப்பூரில் பள்ளிகளை மூடவேண்டி வந்தது. 2023 ஜூனில் கனடாக் காட்டுப் புகை நியூயார்க் நகரத்து வானத்தைச் செம்மஞ்சளாக்கியதையும் நேயர்கள் படங்களில் கண்டிருக்கலாம்.

அடுத்து, வானிலை நிலையத்தார் வெளியிடும் கோடை முன்னறிவிப்பை எவ்வாறு படிப்பது? இந்திய வானிலைத் துறை பிப்ரவரி இறுதியில் மார்ச் முதல் மே வரைக்கும், மார்ச் இறுதியில் ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கும் பருவக் கணிப்புகளை அறிவிக்கிறது. அதில் 'இயல்பைவிட அதிக வெப்பம் நிலவ வாய்ப்பு' என்றிருக்கும். இதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் அளந்து வைத்தது. 'இயல்பு' என்பது நம் தாத்தா காலத்து வெயில் அன்று. 1991 முதல் 2020 வரையிலான முப்பதாண்டுச் சராசரி. அந்தச் சராசரியே முன்னதைவிடச் சற்று உயர்ந்தது. அதையும் தாண்டிப் போவதைப் பற்றியே பேச்சு. 2024ஆம் ஆண்டு, 1901இலிருந்து கணக்கிட்டதில் இந்தியாவின் மிக வெப்பமான ஆண்டு. இந்தச் சராசரியைவிட 0.65 டிகிரி அதிகம். கால் டிகிரி, அரை டிகிரி என்று நகைப்போர் உளர். சராசரி அரை டிகிரி உயர்ந்தால், கொடிய நாட்களின் எண்ணிக்கை எவ்வளவோ உயர்ந்துவிடும்.

'வாய்ப்பு' என்ற சொல்லையும் கவனிக்கவேண்டும். மூன்று மாதத்தையும் மூன்று பங்காக்கி ஒவ்வொரு நாளும் தகிக்கும் என்று அது கூறவில்லை. இடையில் ஒரு வாரம் மழை பெய்து குளிரவும் கூடும். அதற்காகக் கணிப்பு பொய்த்தது என்று பேசுவது முறையன்று. 'வரலாறு காணாத வெயில்' என்று ஆண்டுதோறும் தலைப்பிடும் பத்திரிகைகளைவிட இவர்கள் அடக்கமாகவே பேசுகின்றனர்.

'வெப்ப அலை' என்பதற்கும் வரையறை உண்டு. சமவெளியில் குறைந்தது 40 டிகிரி, கரையோரத்தில் 37, மலையில் 30 ஆகியிருக்கவேண்டும், இயல்பைவிட 4.5 டிகிரியாவது மிகுந்திருக்கவேண்டும். 2024 ஏப்ரல் கடைசியில் பாலக்காட்டில் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டியபோது அங்கே வெப்ப அலை அறிவிக்கப்பட்டது. திருவனந்தபுரம்போன்ற கரையோர ஊரில் 35 டிகிரியே கடற்காற்றின் ஈரத்தோடு சேர்ந்து உடம்பை வாட்டிவிடும். வியர்வை வழியும், உலராது. வரையறைக்குள் வராத துன்பம் துன்பமில்லை என்று கொள்ளலாகாது. இதனால்தான் கோடையில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கலாகாது என்று கேரளத் தொழில்துறை ஆண்டுதோறும் ஆணையிடுகிறது. கட்டட வேலைக்கு இங்கு வந்திருக்கும் நம் தொழிலாளர் இவ்வாணையை அறிந்திருத்தல் நல்லது. மேஸ்திரி தானே வந்து சொல்லுவார் என்று காத்திருக்கவேண்டாம்.

பருவக் கணிப்பில் இல்லாத செய்தி புகை. வெப்பக் கணிப்பு வானிலைத் துறையிடம். காட்டுத் தீ எச்சரிக்கை டேராடூனிலுள்ள இந்திய வன அளவைத் துறையிடம். காற்றுத் தரம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம். மூன்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டிய பொறுப்பு கேட்பவர் தலையில் விழுகிறது. இது சரியான ஏற்பாடாக எனக்குத் தோன்றவில்லை. ஆயினும், மூன்றும் பொதுமக்களுக்குத் திறந்தே இருக்கின்றன. வன அளவைத் துறையார் செயற்கைக்கோள்கள் வாயிலாகத் தீயிருக்கும் இடங்களைக் கண்டு அன்றன்றே அறிவிக்கின்றனர். விரும்பியவர் பதிவுசெய்துகொண்டால் தம் பகுதிக்குரிய எச்சரிக்கை கைப்பேசிக்கே வரும்.

பிற மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இக்கணக்கு சற்று மாறும். பெங்களூரில் இருப்போருக்குக் கேரளத்தைப்போலவே பிப்ரவரி, மார்ச் வறட்சிதான் காட்டுத் தீயின் காலம். ஏப்ரலில் மாம்பழ மழை வந்தால் நிம்மதி. ஜாம்ஷெட்பூரில் வாழ்வோர் அண்மையிலுள்ள ஒடிசாவின் சிமிலிபால் காட்டை நினைவில் கொள்ளவேண்டும். 2021 பிப்ரவரி மார்ச்சில் அது பற்றியெரிந்தது. நம் இலுப்பையின் இனமான மகுவா மரத்தடியில் பூப் பொறுக்குவோர் சருகை எரித்துத் தரையைத் துப்புரவாக்குவது அங்கே தீக்கு ஒரு காரணம். வடகிழக்கு மாநிலங்களில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் மலைச்சரிவில் காடெரித்துப் பயிரிடும் வழக்கத்தால் புகை மண்டும். டெல்லியில் ஐப்பசி, கார்த்திகைப் புகையை அனைவரும் அறிவர். ஏப்ரல், மே மாதங்களில் கோதுமைத் தாளின் புகையும், உத்தரகண்டத்துத் தேவதாரு இனக் காடுகளின் தீயும், இராஜஸ்தானத்துப் புழுதியும் சேர்ந்த மற்றொரு மூட்டம் உண்டு. 2024 ஏப்ரலில் நைனித்தால் அருகே தீயணைக்க விமானப்படை ஹெலிகாப்டர்கள் ஏரிநீரை மொண்டுசென்று கொட்டின. டெல்லிக்கு ஆபத்தான நாட்கள், நம் ஊரில் மாம்பிஞ்சு உதிரும் நாட்களல்ல. அவரவர் வாழும் ஊரின் கணக்கை அவரவரே அறிந்துகொள்ளவேண்டும்.

புகை வந்துவிட்டால் செய்யவேண்டியவை சிலவே. காற்றுத் தரக் குறியீடு 200ஐத் தாண்டினால் 'மோசம்', 300ஐத் தாண்டினால் 'மிக மோசம்', 400க்கு மேல் 'கடுமை' என்று வகுத்திருக்கின்றனர். நெஞ்சகநோய் உடையோரும் ஆஸ்துமாக்காரரும் முதியோரும் கருவுற்றவரும் 200க்கு முன்னரே எச்சரிக்கையாக இருக்கவேண்டும். ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொள்வது நம் பாட்டிமார் சொன்ன முறை. அது கண்ணுக்குத் தெரியும் தூசியைத் தடுக்கும். தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்கேயான நுண்துகளைத் தடுக்காது. அதற்கு என்-95 என்னும் முகக்கவசமே தகும், அதுவும் கன்னத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தினால்.

வீட்டுச் சன்னலைப் பற்றி ஒரு வார்த்தை. காலையில் சன்னலைத் திறந்து 'நல்ல காற்று' வாங்குவது நம் பழக்கம். பக்கத்தில் புகையும் தீ இருக்கும் நாட்களில் அந்தக் காலைக் காற்றுதான் மிகக் கெட்டது. மூடி இன்னும் கலையாத நேரம் அது. வெயிலேறிக் காற்று புரளத் தொடங்கிய பின், முற்பகல் கடந்து திறப்பதே மேல். காலை நடையையும் அந்நாட்களில் மாலைக்கு மாற்றிக்கொள்ளலாம். கரையோர ஊர்களில் ஒரு விதிவிலக்கு உண்டு: இரவுக் காற்று கடலுக்குத் தள்ளிய புகையை மறுநாள் கடற்காற்று திருப்பிக்கொண்டு வருவதுண்டு. மூக்கும் தொலைவிலுள்ள மலையும் அதைச் சொல்லிவிடும்.

பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் செங்கோட்டை வழியாகவோ, குமுளி வழியாகவோ, போடிமெட்டு வழியாகவோ மலையைக் கடப்பீர்கள். வழியில் நிழலான இடம் கண்டு அடுப்பு மூட்டிச் சமைத்து உண்ணும் ஆசை வரும். கட்டுச்சோறு கொண்டுபோங்கள். பக்கத்துச் சரிவில் புகை கண்டால் நின்று படமெடுக்கவேண்டாம். அடுத்த சோதனைச் சாவடியில் சொல்லிவிட்டு மேலே செல்லுங்கள்.

எல்லாப் புகைக்கும் கடைசி மருந்து மழை. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் தொடங்கும் இயல்பான நாள் ஜூன் 1. 2023இல் அது ஜூன் 8 வரை காக்க வைத்தது; 2025இல் மே 24ஆம் தேதியே வந்து வியப்பளித்தது. மே 10க்குப் பிறகு, குறிக்கப்பட்ட 14 நிலையங்களில் அறுபது விழுக்காட்டிலாவது தொடர்ந்து இரண்டு நாட்கள் 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் மழை பெய்து, மேற்குக் காற்றும் மேகமும் ஒத்துவந்தால், இரண்டாம் நாளன்று பருவமழை தொடங்கியது என்று அறிவிப்பர். தெற்கே மினிக்காய்த் தீவு முதல் வடக்கே மங்களூர் வரை நீளும் அந்தப் பட்டியலில் திருவனந்தபுரமும் புனலூரும் இருக்கின்றன.